பத்து மணி ஆகட்டும்

'ஒரு செடி பூக்க மறுப்பது ஒரு நாகரிகத்தின் தோல்வி' என்று அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. கீழே தோட்டக் கமிட்டித் தலைவரின் கையெழுத்து.

நாகரிகம் மோட்டார் அறையை ஒட்டி இருந்தது. எட்டடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி.

அதன் நடுவில் அவள் விளக்குமாற்றோடு நின்றாள்.

எதிரே மண்வெட்டியோடு மயில்சாமி. பாத்தியைக் கொத்தி எடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரிக்க வேண்டும். தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நகரு அம்மிணி. எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல வேலை கெடக்குது."

"பத்து மணி ஆகட்டுங்ண்ணா. அப்பறம் கொத்திக்கோங்க."

மணி ஒன்பதே முக்கால்.

முன்பெல்லாம் மழை பெய்தால் இங்கிருந்து லிஃப்ட் வாசல்வரை சேறு ஓடும். பெருக்கி அலுத்துப்போய் அவளாகக் கிள்ளி வந்து நட்ட தண்டுகள். மூன்றே மாதத்தில் தரையோடு படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டன.

அதன் பிறகுதான் தோட்டக் கமிட்டி பிறந்தது.

பத்துமணிப் பூ என்ற பெயர் கமிட்டிக்குக் கௌரவமாகப் படவில்லை. போர்ச்சுலாக்கா என்று தீர்மானம் போட்டது.

கமிட்டி மாலை ஆறு மணிக்கு பஜ்ஜியோடு கூடும். பாத்தியைப் பார்க்கும். ஒரு பூ இருக்காது.

இரண்டு வேளையும் தண்ணீர் விடச் சொன்னார்கள். தண்டு அழுகியது. அவள் தண்ணீரை நிறுத்தி மணலைக் கலந்தாள்.

நிழல்வலை கட்டச் சொன்னார்கள். கட்டினாள். மறுநாள் அவிழ்த்துக் கொண்டுபோய் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் போட்டாள்.

உர மூட்டை வந்தது. அதை அவள் பிரிக்கவே இல்லை.

ஒருமுறை வாய்விட்டும் சொன்னாள், காலையில் வந்து பாருங்கள் என்று. தலைவர் சிரித்தார்.

"தெனமும் காலைல பார்க்கறவன்கிட்டயே வந்து சொல்றயா?"

ஆய்வுப் பதிவேட்டை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். திறக்கவில்லை.

வெயில் தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தாண்டி இறங்கியது.

முதலில் ஒன்று. ரோஸ் நிறம்.

அப்புறம் ஓரத்தில் நாலைந்து மஞ்சள்.

அப்புறம் பாத்தியில் கால் வைக்க இடமில்லை. அவளே சுவரோரம் ஒதுங்க வேண்டியிருந்தது.

மயில்சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"பூக்காத செடின்னுதான சொன்னாரு?"

அவள் போய் அறிவிப்புப் பலகையின் ஆணியில் தொங்கிய பதிவேட்டை எடுத்து வந்தாள். விரித்து அவர் கையில் கொடுத்தாள்.

மயில்சாமி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'காலை 10 மணி. நேரில் ஆய்வு செய்தேன். பூ இல்லை.'

அடுத்த வரியிலும் அதுவே. அதற்கடுத்ததிலும்.

இன்று பன்னிரண்டாம் தேதி.

முப்பதாம் தேதிவரை கையெழுத்துப் போட்டிருந்தது.