காம்பரா அளவு

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் மண்சரிவில் போன பிறகு, தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்டிக்கொள்ளக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்தார்கள். சன்னாசி அஸ்திவாரத்துக்கு மூன்று முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டு, நாலாவதைக் கையில் எடுத்தபோது அவன் மனைவி தெய்வானை கொழுந்துக் கூடையோடு மேலே வந்தாள். கயிற்றுக்குள் இறங்கிக் காலால் அளந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. லயத்தில் குடும்பமே அடைந்து கிடந்த ஒற்றை அறையான காம்பராவின் அதே அளவு. வாசலுக்கு விட்ட இடமும் அதேபோல ரோட்டைப் பார்த்தது, வேலைக்கு ஆள் விரட்டும் கங்காணிக்கு ரோட்டில் நின்றபடியே உள்ளே அடுப்பு தெரிகிற மாதிரி.

"இந்த அளவ யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வீடுன்னா இதானே."

"வெள்ளக்காரன் நம்மள அடைக்கக் கட்டுன அளவுங்க இது. பெரிய மக புள்ளத்தாச்சியா வர்றா. எங்க படுக்க வப்பீங்க, கூரையிலயா?"

"நீ நாலு பெத்தது காம்பராவுலதானே?"

"பெத்தேன். ஒங்கப்பாவும் ஒங்க தம்பியும் நடுவுல கட்டுன சீலைக்கு அந்தப் பக்கம் இருமிக்கிட்டுக் கெடக்க, சத்தம் போடாமப் பெத்தேன்."

சன்னாசி முளையை ஓரடி தள்ளி ஊன்றினான்.

"போதுமா?"

தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். முளையைப் பிடுங்கி, கயிற்று நுனியையும் இழுத்துக்கொண்டு காணியின் எல்லைக் கல்லை நோக்கி நடந்தாள். மீதிக் கயிறு அவன் கையில் சுருளாக இருந்தது.

"ஏ புள்ள, அவ்வளவு தூரம் போவாத! யாராச்சும் கேக்கப் போறாங்க."

"யாரு கேப்பா? சொல்லுங்க, யாரு?"

சன்னாசி மேட்டையும் ரோட்டையும் பார்த்தான். ஒருவரும் இல்லை. கயிற்றை விடத்தான் அவனுக்குக் கை வரவில்லை.