மீட்டிங்கில் இருந்த மைனா

“மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்.”

சொன்னது மனிதரில்லை, மைனா.

மருந்து கலக்கிக்கொண்டிருந்த டாக்டர் சிரித்தே விட்டார். “கேட்டீங்களா தீனியக்கா? இறக்கையில கட்டு, வயித்துல ஒண்ணுமில்ல, இந்த லட்சணத்துல துரைக்கு மீட்டிங்!”

அந்தக் காப்பகத்துக்கு அடிபட்டு வரும் வாயில்லா ஜீவன் அத்தனைக்கும் தீனி கொடுப்பது அக்காவின் வேலை. அதனால் அந்தப் பெயர். ஆந்தைக் குஞ்சிலிருந்து மூன்று கால் முயல் வரை அவள் கையால் கொடுத்தால் சாப்பிட்டுவிடும். இந்த மைனாதான் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. நேற்று மாலை யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து, பழம், புழு என்று எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“நாய் கவ்வின காயம் ஆறிடும். ஆனா பட்டினி தாங்காது.” டாக்டரின் சிரிப்பு நின்றது. “சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலைன்னா பிழைக்காது அக்கா. குஞ்சுலேருந்து யாரோ ஊட்டி வளர்த்திருக்காங்க. அந்த ஆளைக் கண்டுபிடிச்சாகணும். அதுக்குள்ள நீங்களாவது சாப்பிடுங்களேன், காலையிலேருந்து டப்பாவையே திறக்கலையே!”

“இது பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படி டாக்டர் இறங்கும்?”

அவள் கூண்டருகே குனிந்தாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிக்கொண்டு, காப்பிப்பொடி நிறத்தில் என்ன அழகு! இத்தனை வருடம் பார்த்தும் பறவைகள் அவளுக்கு அலுக்கவே இல்லை.

“இதோட பேச்சை வச்சே கண்டுபிடிச்சிடலாம்,” என்றாள் திடீரென்று. “மீட்டிங்னா ஆபீஸ். ஏதோ ஆபீஸ் ஜன்னல்ல வளர்ந்திருக்கு.”

“அட, ஆமாம்ல!”

டாக்டர் துப்பறியக் கிளம்பிவிட்டார். அக்கம்பக்கத்து ஆபீஸ்களுக்கெல்லாம் போன் அடித்தார். “சார், உங்க ஆபீஸ்ல மைனா ஏதாவது காணாமப் போச்சா?” இரண்டு இடத்தில் பட்டென்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில், “எந்த செக்‌ஷன் சார்?” என்று பொறுப்பாகக் கேட்டார்கள்.

“இன்னிக்கு லேட்டாகும்மா,” என்றது மைனா, கீச்சுக் குரலில்.

“அடப்பாவி, இது நான் என் பொண்டாட்டிகிட்ட சொல்றது!”

“எல்லா வீட்டுலயும் இதே பாட்டுதான் டாக்டர்.”

மதியம், வாசலில் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். கையில் துணிப்பை. “பார்க் வாட்ச்மேன்மா. நேத்து மைனாவைக் கொண்டாந்தது நான்தான். பிழைச்சிடுச்சா?”

“இது எந்த ஆபீஸ் மைனா, சொல்லுங்க!” டாக்டர் பாய்ந்தார்.

“ஆபீஸா? பார்க் மரத்துலேருந்து விழுந்த குஞ்சு சார். தினம் ஒருத்தர் வந்து பெஞ்சுல உட்காருவாரு. அவர்தான் எடுத்து வளர்த்தாரு. அவிச்ச முட்டையை மசிச்சு விரல் நுனியில ஊட்டணும்னு வீட்டுல கேட்டுக்கிட்டு வந்தாராம்.”

“சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க,” என்று அக்கா மெச்சிக்கொண்டாள்.

“பதினோரு வருஷமா அந்தப் பார்க்கைக் காவல் காக்கிறேன், ஒரு நாள் அண்ணாந்து பார்த்ததில்ல. அவர்தான் காட்டினாரு, இது மரங்கொத்தி, அது மீன்கொத்தின்னு. காலையில ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை, தோள்ல பையோட வருவாரு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாரு. மூணு மாசமா இப்படித்தான்.”

“போன் வந்தா?” என்று கேட்டார் டாக்டர்.

“குழந்தைங்க சத்தம் கேட்காத மூலையாப் பார்த்துப் போய், மீட்டிங்ல இருக்கேம்பாரு. இது அவர் தோள்ல உட்கார்ந்திருக்கும்.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “வேலை போயிருக்கும். வீட்டுல சொல்ல வாய் வரலை, பாவம்.”

“என்ன பாவம்?” அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு மாசமா கட்டினவளை ஏமாத்தியிருக்காரு! அவளும் ஒரு மண்ணு. தினம் மூஞ்சியைப் பார்க்கிறாளே, அதுல கூடவா தெரியலை? அந்த ஆளை உடனே இங்க வரச் சொல்லுங்க.”

“கெஞ்சிப் பார்த்துட்டேன்மா. எங்க வேணா வரேன், அங்க மட்டும் வர முடியாதுங்கறாரு. சின்னப் பிள்ளையாட்டம் அழறாரு. இதை ஊட்டினா சாப்பிடும்னு குடுத்து விட்டாரு.”

துணிப்பையிலிருந்து ஒரு டிபன் டப்பா வெளியே வந்தது. ஒரு பக்கக் கொக்கி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

அக்கா அதை வாங்கிக்கொண்டாள். ரப்பர் பேண்டைக் கழற்ற வெகு நேரம் ஆனது. உள்ளே சோறும், பாதிப் பாதியாக நறுக்கிய அவித்த முட்டையும். மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்து விரல் நுனியில் வைத்து நீட்டினாள்.

மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு லபக்கென்று விழுங்கியது. இன்னொரு வாய். இன்னொன்று.

“சாப்பிடுது! தீனியக்கான்னா சும்மாவா!” டாக்டர் கைதட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, தன் கணவரை அழைத்தாள்.

“மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்.”

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், மைனா கூண்டுக்குள் தத்திக்கொண்டே போன் இருந்த பக்கம் ஓடி, ஆவென்று வாயைத் திறந்தது.

“மீட்டிங் போதும், கிளம்பி இங்க வாங்க,” என்றாள் அக்கா. “உங்க மைனா சாப்பிட்டாச்சு. காலையில நான் கட்டிக் கொடுத்த டப்பா இங்க வந்திருக்கு, நீங்கதான் பட்டினியா இருப்பீங்க.”