விழுந்தும் குறையாத வீம்பு

படபடவென்று ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. பாலைவன மலையின் பாதி உயரத்தில் கணுக்கால் முறிந்து கிடந்த சுஜீதன், மனைவிமேல் பாய்ந்தான்.

"ஆரைக் கேட்டு அந்த அவசர உதவிக் கருவியின்ர பட்டனை அமத்தினனி?"

"தண்ணியும் முடிஞ்சுது. வேற என்ன செய்யிறது?" யோகா தன் சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்து ஆட்டிக் காட்டினாள்.

"அதை இறக்கு! நான் தவண்டெண்டாலும் இறங்குவன்!"

"பாறையில தொத்தி ஏற வேண்டாமெண்டு தலைப்பாடா அடிச்சனான். கேட்டியளே? விழுந்தும் வீம்பு குறையேல்லை!"

அவன் ஜாக்கெட்டைப் பறித்துத் தனக்கடியில் ஒளித்தான். அதற்குள் சீருடைக்காரர் ஒருவர் கயிற்றில் இறங்கிவிட்டார்.

சுஜீதன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். ஆங்கிலம் மறந்து தமிழிலேயே கெஞ்சினான்.

"ஐயா, படகில அகதியா வந்தனான்தான். ஆனா, இப்ப நான் சிட்டிசன். திருப்பியும் தடுப்பு முகாமில அடைச்சுப் போடாதேங்கோ!"