இரண்டு மணிச் சாப்பாடு

பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆறு தட்டுகள் பரிமாறப்பட்டிருந்தும் ஒருவரும் கை வைக்கவில்லை.

முதலாளி இறந்து ஓராண்டு நிறைந்த நாள் அது. அவருடைய மனைவி அந்த அறைக்குள் வந்தது அன்றுதான் முதன்முறை. இப்போது கடையை நடத்தும் மகள் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள், ஏனென்று சொல்லவில்லை.

சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்து நின்றன. அறுக்கும் மேசையில் விரித்திருந்த கம்பளி, அவர் முழங்கை ஊன்றும் இடத்தில் மட்டும் நூலாகியிருந்தது.

கடையையும் வீட்டையும் இரு கண்களாகப் பார்த்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகளில், கடை திறந்த ஒரு நாளும் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வரத் தவறியதில்லை. சரியாக இரண்டு மணிக்கு வாசலில் செருப்போசை கேட்கும்.

"நீ சாப்டியா?" என்பார்.

"நீங்க வராம எனக்கு எறங்குமா?" என்பாள்.

மணமான முதல் வாரம் தொடங்கிய கேள்வியும் பதிலும் கடைசிவரை ஒரு சொல்கூட மாறவில்லை.

மாறியது தட்டுதான். இறுதி மூன்று ஆண்டுகளாக அவர் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "கொறிக்கிறதுக்கு நீங்க என்ன குருவியா?" என்று கடிந்துகொண்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

அந்தப் பாதித் தட்டு ஓராண்டாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவரைக் கொண்டுபோன நோய் அப்போதே உள்ளே குடியேறியிருக்க வேண்டும். எதிரில் அமர்ந்து பரிமாறியும் தான் அதைக் காணவில்லை. இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

"ஆறிப்போகுதே, ஏன் எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

மூத்த தொழிலாளி தலையைச் சொறிந்தார். "அண்ணன் மொத வாய் எடுக்காம நாங்க எடுத்ததில்ல அண்ணி. இந்த ஒரு வருசமா பாப்பா எடுக்குது. இன்னிக்கு நீங்க இருக்கீங்களே."

"அவர் இங்கயா சாப்டார்?"

"தெனமும்! பசிச்ச கை நடுங்கும், நடுங்குற கை கண்ணாடிய ஒடைக்கும்னு, எங்க வயிறு நெறையற வரைக்கும் கூடவே உக்காந்து சாப்டுவார். அப்புறம், 'அங்க ஒருத்தி பட்டினியா காத்துக்கிட்டு இருக்காப்பா'ன்னு அடுத்த பந்திக்குக் கெளம்புவார். அறுபது தாண்டினதும்தான் பாவம், வயிறு ஒத்துழைக்கல."

அவளுக்குள் ஓராண்டாக இறுகிக் கிடந்தது இளகியது.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று எண்ணித் தொழிலாளிகள் தலைகுனிந்தார்கள்.

எதிரே சாய்ந்திருந்த கண்ணாடியில் மகள் மட்டும் அந்த முகத்தைப் பார்த்தாள். தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளின் உதடு பிரியத் தொடங்கியது. தாய் கண்ணாடிக்குள்ளிருந்தே ஒரு முறை முறைத்தாள். பிறகு தட்டில் கை வைத்து முதல் வாய் எடுத்தாள்.

அந்த முறைப்பு மகளுக்குப் புதியதன்று. பள்ளிக்கூட நாள்களில் பன்னிரண்டரைக்கு அவள் சாப்பிட வீட்டுக்கு ஓடி வருவாள். அம்மா எதிரில் அமர்ந்து, வயிறார உண்டு, தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று முறைப்பாள்.

பிறகு வாசலைப் பார்த்தபடி, இரண்டு மணிவரை, பட்டினியாகக் காத்திருப்பாள்.