ஈரம் வந்த வழி

“ஈரம் எப்பிடி வந்துச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள ஜெர்மனிக்குப் பதில் போடோணும்.”

மகுடேஸ்வரன் லேப்டாப்பை அனிதாவின் பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய பனியன் கம்பெனி அனுப்பிய சரக்கு ஹாம்பர்க்கில் திறக்கப்பட்டபோது எடுத்த படங்கள். அட்டைப்பெட்டிகள் நைந்து கிடந்தன. உள்ளே குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டைகளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை.

அனிதா ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவள் அவள். கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டின் வெயிலில் நின்று தொழிலைக் கற்று, இன்று சொந்தமாக ஆலோசனை சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். எந்தக் கப்பல், எந்தக் கண்டெய்னர் என்று அவள் சொன்னால் திருப்பூரின் சின்ன ஏற்றுமதியாளர்கள் மறுபேச்சில்லாமல் கேட்பார்கள். ஆண்களே நிறைந்த தொழிலில் அந்தப் பெயரை எடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மேஜைக்கு எதிரே பேக்கிங் இன்சார்ஜ் நஞ்சப்பன் நின்றிருந்தார். நரைத்த தலை, சட்டைப்பையில் மார்க்கர் பேனா.

“நீங்க சொல்லுங்கண்ணா. பேக் பண்றப்பவே துணி ஈரமா இருந்துச்சா?” என்று கேட்டார் மகுடேஸ்வரன்.

“சத்தியமா இல்லீங்க மொதலாளி. ஒவ்வொரு பெட்டியும் நான் தொட்டுப் பாத்துத்தான் டேப் போட்டது. நம்ம பக்கம் தப்பே இல்லீங்க.”

“அப்ப கண்டெய்னர்ல ஓட்டை. வழியில மழைத்தண்ணி எறங்கியிருக்குது.” மகுடேஸ்வரன் அனிதாவின் பக்கம் திரும்பினார். “மேடம், கண்டெய்னர யார்டுல பாத்து ஓகே பண்ணுனது நீங்கதானுங்களே? உள்ள ஏறி, கதவச் சாத்திட்டு, எங்கயாச்சும் வெளிச்சம் வருதான்னு பாப்பீங்கல்ல?”

“பாக்கணும் சார்.”

“பாத்தீங்களா?”

அனிதா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க. யாரால ஆச்சுன்னு எழுதலீன்னா அடுத்த ஆர்டர் இல்லீன்னுட்டாங்க. எரநூறு பேரு வேல பாக்கற எடமுங்க இது. கண்டெய்னர்தான் காரணம்னா உங்க பேரத்தான் எழுதோணும். எங்க எக்ஸ்போர்ட்டர் சங்கத்துலயும் சொல்லாம இருக்க முடியாது. அப்பறம் இந்த ஊர்ல ஒருத்தரும் உங்களக் கூப்புட மாட்டாங்க.”

அனிதா நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது.

“மொதலாளி...” நஞ்சப்பன் முந்திக்கொண்டார். “நாந்தானுங்க.”

“என்னது?”

“லாரி ஏத்துன அன்னிக்கு மழைங்க. வாசல்ல அடுக்கி வெச்ச பெட்டியில சாரல் அடிச்சுப்போச்சு. பெட்டிய மாத்த நேரமில்லீன்னு அப்பிடியே ஏத்தச் சொல்லிட்டேனுங்க.”

“இப்பத்தான சத்தியமா இல்லீன்னீங்க?”

“பயந்துட்டுச் சொன்னேனுங்க.”

மகுடேஸ்வரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்த முகத்தில் அதிகம் தெரிந்தது. “எங்கப்பா காலத்துல இருந்து இருக்கறீங்க. உங்கள நம்பித்தானுங்கண்ணா நான் பேக்கிங் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. நாளையில இருந்து வர வேண்டாமுங்க.”

“சரிங்க.”

“சார், ஒரு நிமிஷம்...” என்றாள் அனிதா.

“நீங்க ஏனுங்க மேடம் வருத்தப்படறீங்க? உங்களச் சந்தேகப்பட்டதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கோணும்.”

நஞ்சப்பன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பேசாதே என்பதுபோல. அவள் மறுபடி லேப்டாப்பின் பக்கம் குனிந்துகொண்டாள். அவர் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

அரைமணி நேரம் கழித்து அனிதா காரை எடுத்தாள். அவிநாசிபாளையம் போகும் பேருந்துக்காக நஞ்சப்பன் நிறுத்தத்தில் காத்திருந்தார். கையில் டிபன் பை. காரை ஓரங்கட்டி இறங்கி ஓடினாள்.

“ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?” அவர் எதிரே போய் நின்றாள். “பெட்டி மேல துருக்கறை இருக்குது. தண்ணி கூரையில இருந்துதான் சொட்டியிருக்குது. நான் உள்ள ஏறியே பாக்கலீங்க. கொட்டற மழை, யார்டுக்காரர் நல்ல கண்டெய்னர்னு சொன்னாரு, நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அங்கயே மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“செய்யாத தப்புக்குத் தலகுனிஞ்சு நின்னீங்களே! நான் வாயத் தொறந்திருக்கோணும். தொறக்காமப் போயிட்டேன்.”

“எனக்கு வேற கம்பெனி கெடைக்கும். யார்டுல ஒரு பொம்பள ஒருக்காத் தப்புப் பண்ணுனா, மறுக்கா உள்ளயே விட மாட்டானுக.”

“இல்லீங்க, இப்பவே திரும்பிப் போறேன். ஒண்ணு விடாம அத்தனையும் சொல்லிப்போடறேன்.”

பேருந்து வந்து நின்றது. நஞ்சப்பன் படியில் கால் வைத்துத் திரும்பினார். வெகுநேரம் அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

“சொந்தம் வேலைக்குக் குறுக்க வரக்கூடாதுன்னுதான இத்தன நாளும் நாம யாருக்கும் சொல்லாம இருந்தோம்? இப்பப் போயி அத்தனையும் சொன்னா நாம யாருன்னும் தெரிஞ்சுபோகும்; நெசத்தையே சொன்னாலும், அப்பனக் காப்பாத்த மக பொய் சொல்றாள்னுதான் நெனைப்பாரு, கண்ணு.”