சாயோ அத்தை

"மேடம், தெகாஷ் ஊர்ல சாயோன்னு ஒருத்தங்க இருப்பாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

உஷ்மாலின் பழைய மாயா கோபுரத்தின் அடியில் நின்று, அதை ஒரு குள்ளன் ஒரே ராத்திரியில் கட்டி முடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ரொசாரியோ சட்டென்று நிறுத்தினாள். பதினாறு வருடமாகச் சுற்றுலாக் கூட்டங்களுக்குச் சொல்லிவரும் கதை. அடுத்த வரி வரவில்லை.

"அப்புறம் குள்ளன் என்ன ஆனான்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ராஜா ஆயிட்டான். பத்து நிமிஷம் போட்டோ எடுத்துக்குங்க. யாரும் படியில ஏறாதீங்க."

கூட்டம் கலைந்தது. கேள்வி கேட்ட பெண் மட்டும் நின்றாள். யாரெலி. இருபது வயது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவள், இந்த மண்ணுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"எதுக்கும்மா தேடறே?"

"எங்க அத்தை மேடம். அப்பாவோட அக்கா. நிஜப் பேரு தெரியாது, அப்பா சாயோன்னுதான் சொல்வாரு. பிப்ரவரியில அப்பா இறந்துட்டாரு. அத்தைக்கு இன்னும் சொல்லவே முடியல. அவரோட போனை எங்களால திறக்க முடியல."

ரொசாரியோ பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு மேடம்?"

"வெயில். ஒண்ணுமில்ல." யாரெலி நீட்டிய தண்ணீரைக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. "ஊர்ல பத்து சாயோ இருக்காங்க. விசாரிச்சுச் சொல்றேன்."

மதியம் வேன் அடுத்த இடமான குகைக்குக் கிளம்பியபோது, ரொசாரியோவே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா அத்தைகூடப் பேசுவாரா?"

"ஞாயித்துக்கிழமை தவறாது. போனை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் போயிடுவாரு. மாயா மொழியிலதான் பேச்சு. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. பேசிட்டு வந்து ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருப்பாரு. 'அக்கா திட்டினாளா?'ன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க."

"அம்மாவா?"

"ம். அம்மா எல் சால்வடார் நாட்டுக்காரங்க. சான் பிரான்சிஸ்கோவுல ஒரு ஓட்டல் சமையல்கட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தாங்க."

ரொசாரியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆரஞ்சுத் தோப்புகள் ஓடின.

"ஊருக்கு வரணும்னு சொல்வாரா?"

"வருஷா வருஷம். இந்த மழைக்கு, அடுத்த மழைக்குன்னு. அங்கே தங்கறதுக்கு அவர்கிட்ட பேப்பர் கிடையாது மேடம். வந்தா திரும்பி எங்ககிட்ட வர முடியாது."

குகைக்குள் குளிர்ந்தது. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்க, அவற்றின் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் நீளம் வளர ஆயிரம் வருடம் ஆகும் என்று சொல்லி ரொசாரியோ யாரெலியை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை முன்னே அனுப்பினாள். பிறகு டார்ச்சைத் தன் முகத்தில் படாமல் சுவருக்குத் திருப்பினாள்.

"கடைசியில... அன்செல்மோவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல மேடம், நெஞ்சுல கை வெச்சவரு அப்படியே..." யாரெலி பாதியில் நின்றாள். "அப்பா பேரை நான் சொல்லவே இல்லையே!"

யாரெலி ஒரு அடி முன்னே வந்தாள்.

"நீங்கதானே சாயோ? சொல்லுங்க! நீங்கதானே எங்க அத்தை?"

ரொசாரியோ டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்தினாள். "ஆமா கண்ணு," என்றாள். "நான்தான் உங்க அத்தை."

அந்தப் பெண் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். ரொசாரியோ அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான்கு மாதமாக ஒலிக்காத போன் அவளுடைய இடுப்புப் பையில் கிடந்தது.

திரும்பும் வழியில் யாரெலி டிரைவரிடமே அறிவித்துவிட்டாள். "அண்ணே, எங்க அத்தை கிடைச்சுட்டாங்க! அன்செல்மோ கான்சேயோட பொண்ணு நான்!"

வில்பெர்த் அதே ஊர்க்காரன். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "அத்தையா? ரொசாரியோக்கா, நீங்க..."

"ரோட்டைப் பாரு வில்பெர்த்."

தெகாஷ் விடுதி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள்.

"நாளைக்குக் காலையில வீட்டுக்குச் சாப்பிட வா. முட்டையைச் சோள ரொட்டியில சுருட்டி, பூசணி விதைச் சாறு ஊத்தித் தர்றேன். அவனுக்கு அது உசிரு."

"எங்க வீட்லயும் அதைச் செய்யச் சொல்வாரு. ஆனா ஒரு வாய் வெச்சுட்டு, 'சாயோ கை வராது'ன்னு தள்ளி வெச்சிடுவாரு." யாரெலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கலாமா அத்தை? நீங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கலன்னு அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன். 'அவ ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்கா'ன்னாரு. அப்படியா? அவர் வரலியா?"

"இல்ல கண்ணு. வரல."

"மோசமான ஆளு!"

"அப்படிச் சொல்லாதே," என்றாள் ரொசாரியோ. "நல்லவன்தான். வழி அடைச்சுப் போச்சு."

வீட்டுக்கு வந்தவள் விளக்கைப் போட்டாள். காலைச் சாப்பாட்டுக்குப் பூசணி விதையை அளந்து எடுத்து வைத்தாள். வீட்டைப் பெருக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இருபத்து நான்கு வருடமாகச் சுவரில் தொங்கிய, தானும் அன்செல்மோவும் மாலையும் மோதிரமுமாகத் தேவாலய வாசலில் நிற்கும் கல்யாணப் போட்டோவைக் கழற்றித் துணிப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்தாள்.