நெற்பெட்டிக்கு ஒரு வினாத்தாள்

அன்று பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள்: மங்கையற்கரசி அம்மா, அவருடைய தங்கை புருஷன் கனகசிங்கம், அவர்கள் வயலில் கூலிக்கு நின்ற வினாயகமூர்த்தியின் இளைய மகன், பெயர் தெரியாத இன்னொருவன், அவன் கையில் குண்டேற்றிய துவக்கு. நெற்பெட்டிக்குள் இருந்த கண்ணகையையும் சேர்த்தால் ஐந்து பேர்.

கண்ணகை கனகசிங்கத்தின் மகள். வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்.

வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கக்காரர் கேட்டு வந்துகொண்டிருந்த காலம். பிள்ளை தன்னாமுனைக்குப் போய்விட்டாள் என்று கனகசிங்கம் ஊருக்குச் சொல்லியிருந்தான். வாவியில் தோணி இறக்கத் தடை. தடை எடுபட்டதும் தோணிக்காரன் சாலிஹ் வந்து அவளை அக்கரைக்கு ஏற்றிப்போவான், பரீட்சை அங்கேதான். அதுவரை பகலெல்லாம் பெட்டி.

ஆள் உயரப் பலகைப் பெட்டி. உள்ளே மேற்பக்கத்தில் தட்டி கட்டி, பாய் விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு நெல். மூடியைத் திறப்பவன் கண்ணுக்கு அது நிறைந்த பெட்டி. கீழே காற்றுக்கு ஒரு ஓட்டை, மற்றபடி இருட்டு.

இருட்டில் புத்தகம் எதற்கு? நாலாம் நாள் பிள்ளை அழத் தொடங்கினாள். பரீட்சையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள்.

மங்கையற்கரசி அம்மாவுக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது. பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து உரக்க வாசித்தார். கேள்விக்கு நாலு விடை. முதலாம் விடையென்றால் உள்ளிருந்து பலகையில் ஒரு தட்டு, நாலாம் விடையென்றால் நாலு தட்டு.

பிழையாகத் தட்டினால் அவர் வாயைத் தாங்க முடியாது.

"வயல் வட்டைக்குப் போற வழிய மாடும் மூண்டாம் நாள் பிடிச்சிரும். நீ எங்கட குடியிலதான் பிறந்தியா?"

அழுகை நின்றது. ஆத்திரத்தில் தட்டுச் சத்தம் பலமானது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டு எது என்ற கேள்வி மட்டும் வசப்படவில்லை. வாசிக்கத் தொடங்கிய ஐந்து நாளும் நாலு தட்டினாள். ஆறாம் நாள் அதைத்தான் அவர் வாசித்துக்கொண்டிருந்தார், படலை திறந்தபோது.

கனகசிங்கம் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தான். "வாங்க தம்பிமாரே, இளநி வெட்டட்டா?"

தங்கள் வயலில் கூலிக்கு நின்றவனின் பிள்ளைக்கு 'வாங்க'. மங்கையற்கரசி அம்மா கதிரையை விட்டு எழவில்லை.

"ஆரோட மாமி கதைக்கிறீங்க?" என்றான் வினாயகமூர்த்தியின் மகன்.

"ஆரடா உனக்கு மாமி?"

துவக்குக்காரன் பெட்டியின் மூடியைத் தூக்கி, நெல்லுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டான். இன்னும் இரண்டு விரல் இறங்கினால் பாய்.

"அம்மனுக்கு நேர்ந்த நெல்லு. கையக் கழுவிப்போட்டுத் தொடு."

குரல் உயரவேயில்லை. கை வெளியே வந்தது. மூடி விழுந்தது.

"அப்ப இவ்வளவு நேரமும் ஆருக்கு வாசிச்சீங்க?"

கனகசிங்கம் வாயைத் திறந்தான். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். முந்திக்கொண்டார்.

"நெல்லுக்கு."

அவர்கள் குடியில் பைத்தியம் என்ற பேர் யார்மீதும் விழுந்ததில்லை. கல்யாணம் பேச வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான். அந்தப் பேரை அன்று அவரே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். முதுகு மட்டும் வளையவில்லை.

துவக்குக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. அவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது இயக்கத்துக்கு ஏற்றிப்போகப்பட்டவன். அவர் மடியிலிருந்த வினாத்தாளை எடுத்து, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, தட்டுத்தடுமாறி வாசித்தான்.

"கண்டி ஒப்பந்தம்... கைச்சாத்தான ஆண்டு. ஒண்டு, 1796. ரெண்டு, 1803. மூண்டு, 1815. நாலு, 1818."

பிறகு விரலை மடக்கிப் பெட்டியில் தட்டினான். "சொல்லு நெல்லே!"

நெல் வாய் திறக்கவில்லை.

அவன் அவர் பக்கம் குனிந்தான். குரல் தணிந்திருந்தது. "உண்மையா என்ன விடை, மாமி?"

"பள்ளிக்கூடத்தில போய்க் கேள்."

அவன் தாளை அவர் மடியிலேயே வைத்தான். மடிப்பை நீவிவிட்டு வைத்தான்.

படலை சாத்தப்பட்டது. இரண்டு சைக்கிள்களின் சத்தம் ஒழுங்கை முடிவு வரை கேட்டு ஓய்ந்தது. கனகசிங்கம் அவர்கள் போன பக்கம் பார்த்து இன்னும் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கவும் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு தட்டு.

இரண்டு.

மூன்று.

நாலாவதற்காக அவர் காத்திருந்தார். வரவில்லை.

"இப்பதான் புத்தி வந்திருக்கு," என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

அன்றிலிருந்து ஐந்தாம் நாள் சாலிஹின் தோணி வந்தது. கண்ணகை அந்தப் பாடத்தில் எடுத்தது வெறும் திறமைச் சித்தி. அதற்கு மேலான விசேட சித்தி அல்ல. அதற்காக மங்கையற்கரசி அம்மா ஒரு மாதம் அவளுக்குக் கடிதம் போடவில்லை.

மூளை பிசகி மங்கையற்கரசி நெல்லுக்குக் கணக்குப் படிப்பித்தாள் என்று ஊரில் இன்றைக்கும் ஒரு கதை உண்டு.

அது பொய். அவர் படிப்பித்தது கணக்கு அல்ல, சமூகக்கல்வியும் வரலாறும்.